ஓட்டக்காரர்களைப் பற்றிய ஆவணப்படங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர்ப் பள்ளி மைதானத்துக்குக் காலை ஓட்டப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்காக மாதம் ஒரு சனிக்கிழமை ராத்திரி படம் போடுகிறோம். சுவரில் ஒரு வெள்ளை வேட்டி, வாடகை ப்ரொஜெக்டர், பக்கத்து வீட்டு ஸ்பீக்கர். படம் முடிந்து பாயைச் சுருட்டும் நேரத்தில் பிள்ளைகளும் பெற்றோரும் பி.டி. மாஸ்டர்களும் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவற்றை அவர்கள் கேட்டபடியே எழுதி, எனக்குத் தெரிந்த பதில்களைக் கீழே தந்திருக்கிறேன்.

ஆவணப்படம்னா என்ன? ‘பாக் மில்கா பாக்’ ஆவணப்படம்தானே?

இல்லை. அது மில்கா சிங்கின் வாழ்க்கையை வைத்து எடுத்த கதைப்படம். மில்காவாக ஃபர்ஹான் அக்தர் நடித்தார். இர்ஃபான் கான் நடித்த ‘பான் சிங் தோமர்’ படமும் அப்படித்தான். இரண்டும் நல்ல படங்கள், பிள்ளைகளுக்குக் காட்டலாம். ஆவணப்படத்தில் திரையில் ஓடுகிறவர் நிஜமாக அந்தப் பந்தயத்தை ஓடியவரே. வலியில் கோணும் முகம் அவருடையது, மூச்சும் அவருடையது.

எந்த ஆவணப்படத்தைப் பார்த்தாலும் மூன்று விஷயங்களைக் கவனிக்கச் சொல்லிப் பழக்கியிருக்கிறேன். கேமரா எப்போது வந்து சேர்ந்தது, எங்கே நின்றது, படத்துக்குப் பணம் போட்டது யார். கீழே வரும் பல பதில்கள் இந்த மூன்றில் ஒன்றில்தான் போய் முடியும்.

பொண்ணு இப்பதான் ஓட ஆரம்பிச்சிருக்கா. முதல்ல எந்தப் படம் காட்டலாம்?

‘டவுன் ஆஃப் ரன்னர்ஸ்’. ஜெர்ரி ராத்வெல் இயக்கி 2012ல் வந்தது. எத்தியோப்பியாவில் பெக்கோஜி என்று ஒரு சின்ன ஊர், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,800 மீட்டர் உயரம். டெரார்டு டுலு, ஃபாத்துமா ரோபா, கெனெனிசா பெக்கெலே, திருநேஷ் டிபாபா என்று ஒலிம்பிக் தங்கம் வாங்கிய நான்கு பேர் அந்த ஒரே ஊர்க்காரர்கள். நான்கு பேருக்கும் சின்ன வயதில் பயிற்சி தந்தவர் செந்தாயெஹு எஷெட்டு. பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தவர்.

படம் அந்த நட்சத்திரங்களைப் பற்றியது அல்ல. ஹவி, அலெமி என்ற இரண்டு பெண் பிள்ளைகள் ஊரை விட்டுப் பயிற்சி முகாம்களுக்குப் போகிறார்கள். நினைத்துப் போனதும் அங்கே இருப்பதும் வேறு வேறாக இருக்கின்றன. கதை சொல்வது ஊரில் பெட்டிக்கடையைப் பார்த்துக்கொள்ளும் பிருக் என்ற பையன். பிள்ளைகள் இந்தப் படத்தோடு உடனே ஒட்டிக்கொள்வதற்குக் காரணம், அந்த மைதானம் எங்கள் மைதானம் மாதிரியே இருப்பதுதான். மண் தரை, புழுதி, ஆளுக்கொரு நிறத்தில் பழைய சட்டை, நடுவில் தொப்பி போட்டுக்கொண்டு குரல் கொடுக்கும் ஒரு மாஸ்டர்.

தமிழ்ல கிடைக்குமா? சப்டைட்டிலாவது இருக்குமா?

பெரும்பாலும் ஆங்கில சப்டைட்டில்தான். நாங்கள் முன்கூட்டியே படத்தைப் பார்த்து, முக்கியமான பேச்சுகளைத் தமிழில் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வோம். அந்த இடம் வரும்போது ஒருவர் சத்தமாக வாசிப்பார். படத்தை அடிக்கடி நிறுத்திவிடாதீர்கள், ஓட்டத்தின் வேகம் கெட்டுவிடும்.

ஒலிம்பிக் படங்களுக்கு மொழி பெரிய தடையே இல்லை. பழைய அதிகாரப்பூர்வ ஒலிம்பிக் படங்களை சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி புதுப்பித்திருக்கிறது. 1912 முதல் 2012 வரையிலான 53 படங்கள் 2017ல் ஒரே தொகுப்பாக வெளிவந்தன.

யார் ஜெயிச்சாங்கன்னு ஏற்கெனவே தெரியும். அப்புறம் எதுக்குப் பார்க்கணும்?

ஜெயித்தவர் பெயரைச் செய்தித்தாளே சொல்லிவிடும். பக்கத்து லேனில் ஓடியவருக்கு என்ன ஆனது என்பதைப் படம்தான் சொல்லும். இதற்கு நான் காட்டுவது கொன் இச்சிகாவா எடுத்த ‘டோக்கியோ ஒலிம்பியாட்’. 1964 போட்டிகளைப் பற்றியது, 1965ல் வெளிவந்தது. ஜப்பான் அரசில் ஒலிம்பிக் பொறுப்பில் இருந்த அமைச்சர் கோனோ இச்சிரோவுக்கே இந்தப் படம் பிடிக்கவில்லை. இது பதிவா, கலையா என்று கேட்டார். மக்களோ கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள்.

இச்சிகாவாவின் கேமரா சாட் நாட்டிலிருந்து வந்த அகமது இசா என்ற 800 மீட்டர் ஓட்டக்காரர் பின்னால் போகிறது. சாட் சுதந்திரம் அடைந்து அப்போது நான்கு ஆண்டுதான். கூடப் பேச ஆளில்லாமல், அந்தப் பெரிய சாப்பாட்டுக் கூடத்தில் அவர் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறார். இறுதிப் போட்டிக்கு அவர் வரவில்லை. எங்கள் திரையிடலில் மாவட்டப் போட்டிக்கு முதல் முறை வெளியூர் போய் வந்த ஒரு பையன் அந்த இடத்தில் எழுந்து நின்றே பார்த்தான்.

அப்புறம் மாரத்தான். அபெபெ பிக்கிலா 1960ல் ரோமில் வெறுங்காலில் ஓடித் தங்கம் வாங்கியவர். டோக்கியோவுக்குச் சில வாரம் முன்பு அவருக்குக் குடல்வால் அறுவை நடந்திருந்தது. ஆனாலும் 2 மணி 12 நிமிடம் 11 செகண்டில் ஓடி முடித்தார். தூரத்திலிருந்து இழுத்துப் பிடித்த கேமரா அவர் முகத்தை விட்டு நகராது. அவருக்கு நான்கு நிமிடத்துக்கும் மேல் பின்னால் ஜப்பானின் சுபுராயா இரண்டாவதாக ஸ்டேடியத்துக்குள் வந்தார். கடைசிச் சுற்றில் இங்கிலாந்தின் பேசில் ஹீட்லி அவரைத் தாண்டிப் போனார். சொந்த ஊர்க் கூட்டத்தின் கண் முன்னால், நான்கு செகண்டுக்கும் குறைவான இடைவெளியில் வெள்ளி வெண்கலமானது.

‘ஒலிம்பியா’ ஹிட்லர் காலத்துப் படம்னு சொல்றாங்க. அதைப் போய்ப் பார்க்கலாமா?

பார்க்கலாம், ஆனால் யார் பணத்தில் எடுத்தது என்று தெரிந்துகொண்டு பார்க்க வேண்டும். 1936 பெர்லின் ஒலிம்பிக்கை லெனி ரீஃபென்ஷ்டால் எடுத்தார். பணம் நாஜி அரசுடையது. 1938ல் ஏப்ரல் 20ஆம் தேதி, ஹிட்லரின் பிறந்தநாளன்று முதல் காட்சி. ஜெர்மனியை அழகாகக் காட்டுவதற்காக எடுத்த படம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அதே படத்தில்தான் ஜெஸ்ஸி ஓவன்ஸ் இருக்கிறார். 100 மீட்டர், 200 மீட்டர், நீளம் தாண்டுதல், தொடர் ஓட்டம் என நான்கு தங்கம் வாங்கிய கறுப்பின அமெரிக்கர். கேமராவை வைக்கக் குழி தோண்டினார்கள், தண்டவாளம் போட்டு ஓட்டக்காரருக்குப் பக்கத்திலேயே நகர்த்தினார்கள். இன்று டிவியில் பார்க்கும் பல கோணங்களை அங்கே அப்போதே பார்க்கலாம்.

மாரத்தானில் ஜெயித்த சோன் கீ சுங்கையும் கவனியுங்கள். அவர் கொரியர். ஆனால் கொரியா ஜப்பானின் பிடியில் இருந்ததால் ஜப்பான் சட்டையில், ஜப்பானிய உச்சரிப்பில் எழுதிய பெயரோடு ஓட வேண்டியிருந்தது. பதக்க மேடையில் தலையைக் குனிந்து, பரிசாகக் கொடுத்த ஓக் கன்றால் நெஞ்சில் இருந்த கொடியை மறைத்துக்கொண்டார். கொரியாவின் தோங்கா நாளிதழ் அந்தக் கொடியை அழித்துவிட்டுப் படத்தை அச்சிட்டது.

அதுல இருக்கிறதெல்லாம் போட்டி நடக்கும்போதே எடுத்ததா?

எல்லாம் இல்லை. கோலூன்றித் தாண்டும் போட்டி இருட்டிய பிறகும் நீண்டது, ஃபிலிமுக்கு வெளிச்சம் போதவில்லை. அடுத்த நாள் ராத்திரி அதே வீரர்களைக் கூப்பிட்டு, விளக்குப் போட்டு மறுபடி தாண்டச் சொல்லி எடுத்தார்கள். மாரத்தானில் ஓட்டக்காரர் தன் காலைத் தானே பார்ப்பது போல வரும் காட்சிகள் பயிற்சியின்போது எடுத்தவை.

இது தப்பா என்றால், மறைப்பதுதான் தப்பு என்பேன். திரும்ப எடுத்ததைப் பந்தயத்தில் எடுத்தது போலக் கலந்துவிட்டால், பார்க்கிறவர் எதை நம்புவது?

ஹெய்லே கெப்ரிசெலாசி படத்துல அவரே நடிச்சிருக்காராமே. அது எப்படி ஆவணப்படமாகும்?

‘எண்டூரன்ஸ்’ படத்தைச் சொல்கிறீர்கள். லெஸ்லி உட்ஹெட் இயக்கியது, டெரன்ஸ் மாலிக் தயாரிப்பாளர்களில் ஒருவர். இது பாதிக்குப் பாதி. எத்தியோப்பியாவின் நெடுந்தூர ஓட்டக்காரரான ஹெய்லேயின் சின்ன வயதுக் காட்சிகளை அவர் குடும்பத்துப் பிள்ளையை வைத்து நடிக்கச் செய்து எடுத்தார்கள். பெரியவரான பிறகு வரும் பகுதிகளில் ஹெய்லே ஹெய்லேயாகவே வருகிறார். 1996 அட்லாண்டா 10,000 மீட்டர் ஓட்டம் மட்டும் உண்மைப் பதிவு. 27 நிமிடம் 7.34 செகண்ட், கென்யாவின் பால் டெர்காட்டை ஒரு செகண்டுக்கும் குறைவான வித்தியாசத்தில் முந்தினார்.

எனக்கு இந்தப் படத்தின் மேல் தனிப் பிரியம். ஹெய்லே ஓடும்போது இடது கை மட்டும் கொஞ்சம் மடங்கியே இருக்கும். தினம் பத்து கிலோமீட்டர் பள்ளிக்கு ஓடிப் போனபோது புத்தகங்களை இடுக்கிக்கொண்ட கை அது. அந்தப் பையன் மேட்டு நிலத்தில் புத்தகத்தோடு ஓடுவதைப் பார்த்துவிட்டு அட்லாண்டா ஓட்டத்தில் அந்தக் கையைப் பாருங்கள்.

100 மீட்டர் பத்து செகண்ட்ல முடிஞ்சுடும். அதை வச்சு எப்படிப் படம் எடுக்கிறாங்க?

மூன்று வழி பார்த்திருக்கிறேன். 1972 மியூனிக் ஒலிம்பிக்கை எட்டு இயக்குநர்கள் ஆளுக்கொரு பகுதியாக எடுத்த ‘விஷன்ஸ் ஆஃப் எய்ட்’ படத்தில், மேலே சொன்ன இச்சிகாவா 100 மீட்டரை எடுத்துக்கொண்டார். பல கேமராக்களை வைத்து அந்தப் பத்து செகண்டை ஸ்லோமோஷனில் இழுத்தார். கன்னத்துச் சதை குலுங்குவதும் கழுத்து நரம்பு புடைப்பதும் தெரியும். தொடக்க நிலைப் பிள்ளைகளுக்கு ‘தோளை இறுக்காதே’ என்று நூறு முறை சொல்வதை விட இந்தப் பகுதியை ஒரு முறை போட்டுக் காட்டலாம்.

இரண்டாவது, பந்தயத்தைச் சுற்றி இருக்கும் ஆட்களைத் தேடிப் போவது. டேனியல் கோர்டன் எடுத்த ‘9.79’ 1988 சியோல் இறுதிப் போட்டியைப் பற்றியது. ஓடிய எட்டுப் பேரையும் பேச வைத்தார். பென் ஜான்சன் 9.79 செகண்டில் ஜெயித்து, மூன்று நாளில் ஸ்டானோசொலால் என்ற ஊக்கமருந்துக்காகப் பதக்கம் பறிக்கப்பட்டது நமக்குத் தெரியும். படம் முடியும்போது அந்த வரிசையில் யார் சுத்தம் என்ற கேள்வி ஜான்சனோடு நிற்பதில்லை.

மூன்றாவது, நெட்ஃபிளிக்ஸில் 2024ல் வந்த ‘ஸ்பிரிண்ட்’ தொடர். நோவா லைல்ஸ், ஷாகாரி ரிச்சர்ட்சன் போன்றவர்களின் வீடு, பயிற்சி, வாய்ச்சண்டை எல்லாம் வரும். வேகமான தொடர்தான். எனக்கு அதில் பயிற்சிக் காட்சிகள் இன்னும் வேண்டும் என்றே தோன்றியது.

கிப்சோகே ரெண்டு மணி நேரத்துக்குள்ள மாரத்தான் ஓடினாரே. அதை ஏன் உலக சாதனையா ஏத்துக்கல?

2019 அக்டோபர் 12, வியன்னாவின் பிராட்டர் பூங்கா. 1 மணி 59 நிமிடம் 40 செகண்ட். ஜேக் ஸ்காட் எடுத்த ‘கிப்சோகே: த லாஸ்ட் மைல்ஸ்டோன்’ அந்த நாளைப் பற்றியது. அது எல்லோருக்கும் திறந்த போட்டியாக நடக்கவில்லை. 41 பேர் முறை வைத்து நடுநடுவே புகுந்து அவருக்கு முன்னும் பின்னும் ஓடிக் காற்றைத் தடுத்தார்கள். முன்னால் போன கார் தரையில் கோடு காட்டியது. குடிக்கத் தண்ணீர் சைக்கிளில் வந்தவர்கள் கையில் கொடுத்தார்கள். சாதனை விதிப்படி இவை செல்லாது. விதிக்கு உட்பட்டு அவர் ஓடியதில் சிறந்தது 2022 பெர்லினில் 2:01:09. அதை 2023ல் சிகாகோவில் கெல்வின் கிப்டம் 2:00:35 ஓடி முறியடித்தார். நான்கே மாதத்தில் அவர் கார் விபத்தில் போய்ச் சேர்ந்தது இன்னும் மனதை அறுக்கிறது.

அந்தப் படங்கள் ஷூ கம்பெனி விளம்பரம்தானே சார்?

பாதி உண்மை. 2017ல் இத்தாலியின் மோன்ஸா கார்ப் பந்தயப் பாதையில் நைக்கி நடத்திய முதல் முயற்சியை நேஷனல் ஜியாகிரஃபிக் ‘பிரேக்கிங் டூ’ என்று படமாக்கியது. காலில் புது ஷூ, படம் முழுக்க அந்த ஷூவின் பேச்சு. பணம் போட்டது யார் என்று நான் முதலில் சொன்ன கேள்விக்கு இதை விடத் தெளிவான உதாரணம் கிடையாது.

ஆனாலும் காட்டுகிறேன். கிப்சோகே அன்று 2:00:25ல் முடித்தார், 25 செகண்ட் தாண்டிப் போய்விட்டது. கூட ஓடிய செர்செனாய் தடேசே 2:06:51, லெலிசா டெசிசா 2:14:10. அவர்கள் ஒவ்வொருவராகப் பின்தங்கும்போது கேமரா பொய் சொல்லவில்லை. கிப்சோகே மற்ற ஓட்டக்காரர்களோடு தங்கும் கப்டகாட் முகாமில் அவரும் முறை வைத்துக் கழிவறை கழுவுபவர். இதைப் பிள்ளைகளிடம் சொன்ன மறுநாளே மைதானத்துக் கூம்புகளைப் பெரிய பையன்களே அடுக்கி வைத்தார்கள்.

ஒரு ஆவணப்படத்தால ஏதாவது நிஜமா மாறியிருக்கா?

மாறியிருக்கிறது. 2014 டிசம்பரில் ஜெர்மனியின் ஏஆர்டி தொலைக்காட்சியில் ஹாயோ செப்பெல்ட் எடுத்த ஆவணப்படம் ஒளிபரப்பானது. ரஷ்ய 800 மீட்டர் ஓட்டக்காரர் யூலியா ஸ்டெபனோவாவும், ரஷ்ய ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பில் வேலை பார்த்த அவர் கணவர் விட்டாலியும் உள்ளே நடந்த ஊக்கமருந்து மோசடியை வெளியே சொன்னார்கள். யூலியா கைப்பேசியில் ரகசியமாகப் பதிவு செய்திருந்தார். உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை விசாரணைக் குழு அமைத்தது. 2015 நவம்பரில் ரஷ்யத் தடகளச் சம்மேளனமே இடைநீக்கம் ஆனது. 2016 ரியோவில் தடகளத்தில் ரஷ்யாவிலிருந்து கலந்துகொண்டவர் நீளம் தாண்டும் தாரியா கிளிஷினா ஒருவர் மட்டும்.

அந்தத் தம்பதி நாட்டை விட்டே போக வேண்டியதாயிற்று. ஆஸ்கர் வாங்கிய ‘இகாரஸ்’ இதே விவகாரத்தின் இன்னொரு பக்கத்தைக் காட்டும். ஆனால் அதில் ஓட்டம் குறைவு, மாஸ்கோவின் ஊக்கமருந்துச் சோதனை ஆய்வகம்தான் அதிகம்.

புத்தியா சிங் படம் பார்த்தேன். நாலு வயசுக் குழந்தையை அப்படி ஓடவிட்டது சரியா?

சரியில்லை. இதை நான் எந்தத் திரையிடலிலும் மழுப்பாமல் சொல்வேன். ஜெம்மா அட்வால் எடுத்த ‘மாரத்தான் பாய்’ ஒடிசாவில் நடந்த கதை. 2006 மே மாத வெயிலில் புரியிலிருந்து புவனேஸ்வர் வரை, 65 கிலோமீட்டர், ஏழு மணி இரண்டு நிமிடம். குழந்தைக்கு வயது நான்கு. வழியெல்லாம் கூட்டம் கைதட்டுகிறது. கடைசியில் அந்த உடம்பு தாங்கவில்லை, ஓட்டத்தை நிறுத்த வேண்டியதாயிற்று.

அவனை ஓட வைத்தவர் ஜூடோ கோச் பிரஞ்சி தாஸ். ஏழைப் பிள்ளைகளைத் தன் வீட்டில் வைத்துச் சோறு போட்டவரும் அவர்தான். குழந்தைகள் நலத் துறை நீண்ட ஓட்டங்களுக்குத் தடை போட்டது. 2008 ஏப்ரலில் தாஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். புத்தியா அரசு விளையாட்டு விடுதிக்குப் போனான். இயக்குநர் சில ஆண்டுகள் கூடவே இருந்து எடுத்ததால் கோச்சை நல்லவர், கெட்டவர் என்று ஒரே வரியில் முடிக்க படம் விடுவதில்லை. கேமரா எப்போது வந்தது, எத்தனை நாள் இருந்தது என்பது இங்கேதான் முக்கியம். ஒரு நாள் வந்து போன செய்திக் கேமராக்கள் அதிசயக் குழந்தையை மட்டும்தான் எடுத்துக்கொண்டு போயின.

பெற்றோர்களே, சின்னப் பிள்ளைகளை விளையாட விடுங்கள். நீண்ட தூரத்துக்கு அவர்கள் வளர்ந்த பிறகு காலம் இருக்கிறது.

பொம்பளப் பிள்ளைங்க பத்தி என்ன படம் இருக்கு?

முதலில் பியர் மொராத் எடுத்த ‘ஃப்ரீ டு ரன்’. 1967ல் பாஸ்டன் மாரத்தானில் 261ஆம் எண்ணோடு ஓடிய கேத்ரின் ஸ்விட்சரை ஓர் அதிகாரி பாதையிலிருந்து பிடித்து இழுக்கப் பார்த்தார். 1928க்குப் பிறகு 1960 வரை ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 800 மீட்டரே கிடையாது. பெண்கள் மாரத்தான் 1984ல்தான் வந்தது. இதைச் சொன்னால் எங்கள் பெண் பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள்.

அடுத்து, ஃபிலிஸ் எல்லிஸ் எடுத்த ‘கேட்டகரி: வுமன்’. இயற்கையாகவே உடலில் டெஸ்டோஸ்டீரோன் கூடுதலாக இருக்கும் பெண்களை ஓடவிடாமல் தடுக்கும் விதிகளைப் பற்றியது. ஒடிசாவின் துத்தி சந்த் அதில் வருகிறார். 2014 காமன்வெல்த் போட்டிக்கு முன் நீக்கப்பட்டு, விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போய் 2015ல் அந்த விதியை நிறுத்தி வைக்கச் செய்தவர். அதைப் பார்க்கும்போது நமக்கு நினைவுக்கு வருபவர் புதுக்கோட்டை கத்தக்குறிச்சியின் சாந்தி சௌந்தரராஜன். 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கி, பாலினச் சோதனைக்குப் பிறகு அதைப் பறிகொடுத்தவர். துத்திக்குக் கிடைத்த வழக்கும் வக்கீலும் சாந்திக்கு அன்று கிடைக்கவில்லை. இந்தப் படத்தைப் பெரிய பிள்ளைகளுக்குக் காட்டும்போது பக்கத்தில் விவரம் தெரிந்த ஒரு பெண் ஆசிரியர் இருந்தால் நல்லது.

கறுப்புக் கையுறை போட்டு நின்ன ரெண்டு பேர் தெரியும். அந்த மேடையில இருந்த வெள்ளைக்காரர் யாரு?

ஆஸ்திரேலியாவின் பீட்டர் நார்மன். 1968 மெக்சிகோ, 200 மீட்டர். டாமி ஸ்மித் தங்கம், நார்மன் வெள்ளி, ஜான் கார்லோஸ் வெண்கலம். கறுப்பின அமெரிக்கர்களான ஸ்மித்தும் கார்லோஸும் இனவெறியை எதிர்த்து, பதக்க மேடையில் கறுப்புக் கையுறை போட்ட கையை உயர்த்தி நின்றார்கள். கார்லோஸ் தன் கையுறைகளை மறந்து வந்துவிட்டார். ஒரே ஜோடியை ஆளுக்கு ஒன்றாகப் போட்டுக்கொள்ளச் சொன்னவர் நார்மன்தான். அவர்கள் இருவரும் குத்தியிருந்த மனித உரிமைக்கான பேட்ஜை அவரும் நெஞ்சில் குத்திக்கொண்டார். அவருடைய தம்பி மகன் முறையான மேட் நார்மன் எடுத்த ‘சல்யூட்’ இதைச் சொல்கிறது. 2006ல் நார்மன் இறந்தபோது ஸ்மித்தும் கார்லோஸும் வந்து பெட்டியைத் தோளில் சுமந்தார்கள். அவர் அன்று ஓடிய 20.06 ஆஸ்திரேலிய சாதனையாக 2024 டிசம்பர் வரை நின்றது.

கடைசியா வந்தவங்களைப் பத்தி யாராவது எடுத்திருக்காங்களா?

அகமது இசாவைப் பற்றி மேலே சொன்னேன். இன்னொருவர் தான்சானியாவின் ஜான் ஸ்டீபன் அக்வாரி. அதே 1968 மெக்சிகோவில் மாரத்தான் நடுவில் விழுந்து முட்டியில் அடி. ஜெயித்தவர் வந்து ஒரு மணி நேரத்துக்கும் மேல் கழித்து, இருட்டிய ஸ்டேடியத்துக்குள் கட்டுப் போட்ட காலோடு நொண்டிக்கொண்டே வந்து முடித்தார். ஓட ஆரம்பிக்க அல்ல, ஓடி முடிக்கத்தான் என் நாடு என்னை அனுப்பியது என்று பிறகு சொன்னார். அந்தக் காட்சியை உலகத்துக்குக் கொண்டுபோனவர் ஒலிம்பிக் படங்கள் பல எடுத்த பட் கிரீன்ஸ்பான். பெரும்பாலான கேமராக்கள் மூடப்பட்ட பிறகு வந்த ஆள் அக்வாரி. எங்கள் ஊரில் அந்தத் துணுக்கை மூன்று முறை திரும்பப் போடச் சொன்னார்கள்.

எங்க ஊர்ல ஒரு பொண்ணு நல்லா ஓடுது. போன்லயே ஆவணப்படம் எடுக்க முடியுமா?

முடியும். இன்றைக்கே ஆரம்பியுங்கள், மெடல் வாங்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். முதலில் அவளிடமும் பெற்றோரிடமும் சம்மதம் கேளுங்கள். முடிவுக்கோட்டில் எல்லோரும் நிற்பார்கள், நீங்கள் 800 மீட்டர் என்றால் 600 மீட்டர் முடியும் வளைவில் போய் நில்லுங்கள். கால் கனத்துப் போகும் இடம் அதுதான், முகத்தில் எல்லாம் தெரியும். போனைக் குறுக்காகப் பிடியுங்கள். பாட்டுப் போட்டு மூச்சுச் சத்தத்தையும் ஸ்பைக்ஸ் சத்தத்தையும் அமுக்கிவிடாதீர்கள். தோற்ற நாளில் பேட்டி கேட்டுத் தொந்தரவு செய்யாமல், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வாருங்கள். எதையும் திரும்ப நடித்துக் காட்டச் சொன்னால், அது திரும்ப எடுத்தது என்று படத்திலேயே போடுங்கள்.

வெளியே யாருக்கும் காட்டுவதற்கு முன்னால் அவள் வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்துப் போட்டுக் காட்டுங்கள். இந்தக் காட்சி வேண்டாம் என்று அவள் சொன்னால், அது எவ்வளவு நல்ல காட்சியாக இருந்தாலும் வெட்டிவிடுங்கள்.